பெட்டியின் சேனல்

பெட்டி என்பது ஒரு பெண்ணின் பெயர். ஞானஸ்நானப் பதிவேட்டில் எலிசபெத் என்று எழுதிவிட்டு, வீட்டில் ஸ்டைலாகச் சுருக்கிக் கூப்பிட்டதால் வந்த வினை. இங்கிலீஷில் லட்சணமான பெயர்தான். தமிழில் சொன்னால் டிரங்குப் பெட்டி, அட்டைப் பெட்டி, டி.வி.ப் பெட்டி என்று அவரவர் விருப்பம்போல நினைத்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடத்தில் "பெட்டி, பூட்டு எங்கே?" என்று கேட்காத பையன் கிடையாது. இருபத்தொன்பது வயது வரை கேலியைத் தவிர வேறெதையும் கொண்டுவராத அந்தப் பெயர், 1986ஆம் வருஷம் தீபாவளிக்கு முன்னால் அவள் மானத்தைக் காப்பாற்றியது.

பெட்டிக்குக் கென்ட் ரிட்ஜில் பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலை. என்ன வேலை என்று கேட்டால் அவளுக்கே அலுப்பு வரும். ஒரு பாக்டீரியா. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிராணியின் தோலில் ஒரு வாசல் இருக்கிறது. வாசல் என்றால் மரமும் தாழ்ப்பாளும் அல்ல; ஒரு புரதம், நடுவில் ஓட்டை. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் துகள்கள், அயனிகள் என்பார்களே, அவை அந்த ஓட்டை வழியாகத்தான் போய்வரும். இங்கிலீஷில் அயன் சேனல். எல்லா அயனியையும் அது விடாது. ஆள் பார்த்து விடும். ஒன்றை வாங்க என்று உள்ளே அழைக்கும். கிட்டத்தட்ட அதே உருவத்தில் இருக்கும் இன்னொன்றை வெளியே நிறுத்திவிடும். எதை வைத்து ஆள் பார்க்கிறது? யாருக்கும் தெரியாது. தெரியவேண்டுமானால் அந்தப் புரதத்தைக் கற்கண்டுபோலப் படிகமாக உறையவைத்து, எக்ஸ்ரே கதிரை அதற்குள் விட்டு, கதிர் சிதறுவதை வைத்து உள்ளமைப்பைக் கணக்குப் போடவேண்டும்.

படிகமாக்குவதுதான் பிராணனை வாங்கும் வேலை. தோலிலிருந்து பிரித்தெடுத்தால் அந்தப் புரதம் வெறும் தண்ணீரில் நிற்காது, பால் திரிந்த மாதிரி திரிந்துபோகும். அதற்கென்று ஒரு சோப்புத் திரவம் வேண்டும். சோப்பு கூடினால் ஒரு வம்பு, குறைந்தால் இன்னொரு வம்பு. பெட்டி நான்கு வருஷமாக அந்தச் சோப்போடு மல்லுக்கு நின்றாள். போன வருஷம் ஒருநாள் பிளாஸ்டிக் தட்டின் ஒரு குழியில் பளபளவென்று படிகம் வந்தது. ஆய்வகமே கேக் வெட்டியது. அவளுடைய மேலாளர் டாக்டர் கோ ஓர் ஊசியால் அதை லேசாகத் தொட்டார். நறுக்கென்று உடைந்தது. புரதப் படிகம் அப்படி உடையாது, அல்வா மாதிரி நசுங்கும். வந்தது வெறும் உப்பு. அன்றிலிருந்து ஆய்வகத்தில் அவளுக்கு உப்பு ராணி என்று பெயர். கேக் தின்றவர்களே வைத்த பெயர்.

செப்டம்பரில் டாக்டர் கோ அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். இங்கிலாந்துப் பேராசிரியர் ஒருவர் அக்டோபர் இருபத்தெட்டாம் தேதி சாங்கி விமான நிலையம் வழியாக ஊர் திரும்புகிறார்; படிகம் இருந்தால் கையோடு கொண்டுபோய் எக்ஸ்ரே எடுப்பார், ஆராய்ச்சி இன்னும் மூன்று வருஷம் நடக்கும். இல்லாவிட்டால் இழுத்து மூடவேண்டியதுதான். "உனக்கு ஒன்றும் கவலை வேண்டாம், மாணவர் ஆய்வகத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது" என்றார். அந்த இடம் எதுவென்று பெட்டிக்குத் தெரியும். முதலாண்டுப் பிள்ளைகள் அசிங்கப்படுத்திய கண்ணாடிக் குழாய்களை எண்ணி அடுக்கும் இடம்.

இதற்கு நடுவில் பைலிங் வேறு. ஆய்வகத்துக்குப் பக்கத்திலேயே புதுக் கட்டடத்துக்கு இரும்புத் தூணை அடித்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். காலை எட்டு மணியிலிருந்து டங், டங். மேசையில் தேத்தண்ணிக் கோப்பை தானாக நடந்துபோகும். படிகம் வளரக் குளிர் வேண்டும், அதைவிட முக்கியமாக அசைவே கூடாது. அங்கே படிகம் வளர்ப்பது பஸ்ஸுக்குள் கோலம் போடுகிற மாதிரிதான்.

குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீட்டில் அன்று இரவுச் சாப்பாட்டின்போது பெட்டி அழுதே விட்டாள். அவள் அம்மா அல்போன்சம்மாள் மீன் குழம்பைக் கிண்டுவதை நிறுத்தவில்லை.

"குளுரா, ஆடாத இடமா ஒரு ரூம் வேணும். அவ்ளோதானே? இதுக்கா அழுவுற? பஃபலோ ரோட்டுல மருதப்பன் வச்சிருக்காருலா, பூ வைக்கிற ரூமு. அந்தக் காலத்து ஐஸ் கிடங்கு. செவுரே இத்தத் தண்டி. மெஷினுகூட பின்னாடிச் சந்துலதான் ஓடுது."

மருதப்பன் தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் மாலைக்கடை வைத்திருந்தவர். மாரியம்மனுக்கும் மாலை கட்டுவார், மாதாவுக்கும் மாலை கட்டுவார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். காவடிச்சிந்து பாடுவதில் தன்னை அடிக்க ஆள் இல்லை என்று அவருக்கு ஓர் எண்ணம். எண்ணம் சரிதான் என்பதுதான் வருத்தம். தமிழ்ச் சங்கத்துக் கலைவிழாவுக்குப் பதினோரு வருஷமாகத் தேர்வுக்குப் போய்ப் பாடினார். தேர்வுக் குழுத் தலைவர் அண்ணாதுரை ஒரு நாடகக் குழு நடத்துகிறவர், செந்தமிழில் தும்முவார். பதினோரு வருஷமும் மருதப்பன் கையில் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார்: "முடிவு பிறகு தெரிவிக்கப்படும்." தெரிவிக்கப்படவே இல்லை. மருதப்பன் அந்தச் சீட்டுகளைக் கடையில் ஓர் ஆணியில் வரிசையாகக் குத்தி வைத்திருந்தார்.

மறுநாளே அல்போன்சம்மாள் மகளை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். போனவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாளா?

"மருதப்பா, நம்ம பெட்டி சேனலை உங்க ரூம்ல ஒரு மாசம் வைக்கணும்."

மருதப்பன் கையில் கட்டிக்கொண்டிருந்த மாலை அப்படியே நின்றது. "பெட்டி சேனலா? டி.வி.ப் பெட்டியா, அக்கா? அஞ்சு, எட்டு, பன்னண்டு இருக்கு. இன்னொண்ணு வருதா?"

"அது வேற. இது அயன் சேனல்."

"ஐயன் சேனலா! அப்ப தமிழு!" அவர் எழுந்தே விட்டார். எட்டாம் சேனலில் தமிழுக்கு ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சநேரத்தை நம்பிப் பிழைத்த ஊர் அது. முழுசாக ஒரு சேனல் என்றால் விடுவாரா? "ஏம்மா, தமிழ் சேனல்தானே? நீதான் நடத்துறியா?"

பெட்டி வாயைத் திறந்தாள். ஐயோ அங்கிள், அது இல்லை என்று சொல்லத்தான் திறந்தாள். அந்த நேரம் பார்த்து மருதப்பன் குளிர் அறையின் கனத்த கதவைத் திறந்தார். சில்லென்ற காற்று மல்லிகை வாசத்தோடு முகத்தில் அடித்தது. மூலையில் சிமெண்டு மேடை, சுவரோடு சுவராக. அதன்மேல் வாளியில் தண்ணீர் நின்றது. பெட்டி அந்தத் தண்ணீரைப் பார்த்தாள். ஓர் அலைகூட இல்லை, கண்ணாடி மாதிரி நின்றது. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"ரொம்பச் சின்ன சேனல்தான் அங்கிள்" என்றாள். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

"சின்னதா ஆரம்பிச்சாத்தான்மா பெருசா வரும். யாரு வேணும்னாலும் உள்ள வரலாமா?"

"இல்ல. ஆளைப் பார்த்துத்தான் விடும்."

"அப்படித்தான் இருக்கணும்" என்று மருதப்பன் ஆணியில் தொங்கிய சீட்டுகளை ஒரு பார்வை பார்த்தார். வாளியை எடுத்து வெளியே வைத்தார்.

அன்று மாலையே பெட்டி ஐஸ் வைக்கும் நுரைப்பெட்டிக்குள் நான்கு தட்டுகளை வைத்து டாக்ஸியில் மடியிலேயே சுமந்து வந்தாள். ஒவ்வொரு தட்டிலும் இருபத்து நான்கு குழிகள். ஒவ்வொரு குழிக்கும் மேலே ஒரு சொட்டுப் புரதம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மனசாட்சி உறுத்தியதா என்றால், உறுத்தியது. ஒரு மாதம்தானே, பிறகு சொல்லிவிடலாம் என்று அதைத் தட்டித் தூங்கவைத்தாள்.

மனசாட்சி தூங்கும், கடைக்குப் பக்கத்துச் சிராங்கூன் ரோடு தூங்குமா? ஒரு வாரத்துக்குள் செய்தி பரவிவிட்டது. இட்லிக்கடை ரத்தினம்மா ஓஃபிர் ரோட்டு மாதா கோயில் வாசலுக்கே வந்து, பூசை முடிந்து வெளியே வந்த பெட்டியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் மக பரதம் ஆடுவா மேடம். நல்லா சிரிப்பா. நியூஸ் வேணும்னாலும் வாசிப்பா." பெட்டி இருமினாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், ஓடிவந்த பஸ்ஸில் எந்தப் பஸ் என்று பாராமல் ஏறினாள். அது சாங்கிக்குப் போகும் பஸ். சாங்கி வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள்.

ஞாயிறுதோறும் அவள் மைக்ராஸ்கோப்போடு குளிர் அறைக்குப் போய்ப் பார்ப்பாள். முதல் ஞாயிறு ஒன்றும் இல்லை. இரண்டாவது ஞாயிறு பாதிச் சொட்டுகள் பழுப்பாகத் திரிந்திருந்தன. அதைவிடக் கடையில் நடந்த மாற்றங்கள்தான் விநோதமாக இருந்தன. ஓயாமல் அலறும் ரேடியோவைக் காணோம். பூக்கட்டும் பெண்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தார்கள், அதுவும் பூனை மாதிரி. கூடைகளை யாரும் தொப்பென்று போடவில்லை. குளிர் அறைக் கதவில் சிவப்பு மையில் ஓர் அட்டை: "சேனல் உள்ளே இருக்கிறது. மெதுவாக." சேனல் என்றால் மனுஷனுக்கு எவ்வளவு பக்தி பார் என்று பெட்டி நினைத்துக்கொண்டாள். இப்படிப்பட்டவரைப் போய் ஏமாற்றுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

மூன்றாவது ஞாயிறு தீபாவளிக் கூட்டம் தொடங்கிவிட்டது. குளிர் அறை முட்ட முட்டப் பூ. பத்துக் கூடை மல்லிகை இடமில்லாமல் வெளியே ஈரச் சாக்கின் கீழ் கிடந்தது. மூலை மேடையில் மட்டும் நுரைப்பெட்டி ராஜாபோல உட்கார்ந்திருந்தது. "அங்கிள், அந்தக் கூடையெல்லாம் வாடுதே" என்றாள் பெட்டி. "வாடட்டும்மா. பூ நாளைக்கும் வரும்" என்றார் மருதப்பன். அதைக் கேட்டுப் பெட்டி நெளிந்தாள். அடுத்த ஞாயிறு படிகம் வந்தாலும் வராவிட்டாலும் உண்மையைச் சொல்லி அவர் காலில் விழுந்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

அடுத்த ஞாயிறு அக்டோபர் இருபத்தாறு. செவ்வாய்க்கிழமை இங்கிலாந்துக்காரர் வருகிறார். பூசையில் நற்கருணை வாங்கிக்கொண்டு திரும்பும்போது அம்மா காதில் கிசுகிசுத்தாள்.

"இன்னிக்கு அண்ணாதுரை ட்ரூப் முழுக்க மருதப்பன் கடைக்கு வருதாம்லா. சேனல்ல சேர ஆடிஷனாம். உறுமி, தவிலு எல்லாம் கொண்டுட்டு."

பெட்டிக்கு நற்கருணை தொண்டையில் நின்றது. உறுமி! தவில்! குளிர் அறைச் சுவரோடு ஒட்டினாற்போல! நான்கு வருஷம், தொண்ணூற்றாறு சொட்டு, எல்லாம் ஒரே அடியில் போச்சு. இறுதி ஆசீருக்குக்கூட நிற்காமல் வெளியே பாய்ந்தாள். டாக்ஸி கிடைக்கவில்லை. பூசைக்கு உடுத்திய சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கையில் மைக்ராஸ்கோப் பெட்டியோடு, வெயிலில் பஃபலோ ரோடு வரைக்கும் ஓடினாள். நிறுத்துங்க, சேனலும் இல்லை ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை, அது கிருமி, நான் பொய்க்காரி என்று கத்துவதற்கு வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே ஓடினாள்.

கடைக்குள் நுழைந்தவள் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டாள்.

பின்கூடத்தில் பத்துப் பேர். உறுமிக்காரர் வடிவேலு கண் சொருகி, தலையை ஆட்டி, உறுமி அடித்துக்கொண்டிருந்தார். குச்சி தோலைத் தொடவில்லை, நான்கு விரற்கடைக்கு மேலேயே காற்றில் போய்வந்தது. தவில்காரரும் அப்படியே. ரத்தினம்மாவின் மகள் முழு அலங்காரத்தோடு ஆடினாள். காலில் சலங்கை இல்லை, பாதம் பஞ்சில் வைப்பதுபோல இறங்கியது. நடுவில் அண்ணாதுரை ராஜா வேஷத்தில், மீசையை முறுக்கி, கையை வீசி, நெஞ்சைப் புடைத்து, ஒரு நீண்ட வீர வசனத்தை வெறும் வாயசைவில் பேசிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வேர்வை. ஒரு பூ விழுந்தால் கேட்கும், அவ்வளவு அமைதி.

மருதப்பன் ஸ்டூலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து நீதிபதி மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியைக் கண்டதும் விரலை உதட்டில் வைத்தார். பிறகு ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

பெட்டிக்கு அப்போதுதான் பளிச்சென்றது. டி.வி. சேனலுக்கு யாராவது மேளத்தைச் சத்தமில்லாமல் அடிக்கச் சொல்வார்களா? அசைவு ஆகாது என்று அவள் இந்தக் கடையில் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில் அம்மாவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

அவரைக் குளிர் அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். "அங்கிள், உங்களுக்குத் தெரியுமா?"

"மூணாம் நாளே தெரியும்" என்றார் மருதப்பன், குரலை எழுப்பாமல். "மாதாவுக்கு மாலை வாங்க வந்த உங்கம்மா எல்லாத்தையும் கொட்டிட்டாங்க. கிருமி செத்துப்போச்சு, அதோட ஓட்டையை மட்டும் எம்மக எடுத்து வச்சிருக்கா, அது ஆடாம அசையாம இருந்தா கற்கண்டாகும்னாங்க. ஓட்டையை எப்படிம்மா தனியா எடுத்த?"

"அப்புறம் ஏன் அங்கிள் சொல்லல? நான் ஏமாத்துறேன்னு தெரிஞ்சும்?"

மருதப்பன் ஒரு மல்லிகைக் கூடையை நேராக்கினார். "சொல்லலாம்னுதான் இருந்தேன். அன்னிக்குச் சாயந்தரம் அண்ணாதுரை வந்தாரு. பதினோரு வருஷத்துல ஒருதரம்கூட எம்பேரைச் சொல்லிக் கூப்பிடாதவரு, 'அண்ணாச்சி, நலமா?'ன்னாரு. சேனல்ல ஒரு வார்த்தை சொல்லுங்கன்னாரு. பதினோரு வருஷமா நான் வாசல்லயே நின்னேன்மா. இந்த ஒரு மாசம் வாசலே நான்தான். அதை விடச் சொல்றியா?"

பெட்டிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. யார் யாரை ஏமாற்றினார்கள் என்று கணக்குப் பார்த்தால் தலை சுற்றும். அந்தக் கிழவரைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

"நீ உன் கற்கண்டைப் பாரு முதல்ல. எனக்கு அதான் பயம்" என்றார் அவர்.

அவள் நுரைப்பெட்டியைத் திறந்தாள். முதல் தட்டு முழுக்கத் திரிந்துபோயிருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் ஏழாவது குழிக்கு வந்ததும் மைக்ராஸ்கோப்பை இன்னும் ஒட்டிக் குனிந்தாள். ஆறு படிகங்கள். இரண்டு பெரியவை, நான்கு பொடி. ஓரங்கள் சீவினாற்போல இருந்தன.

"வந்திருச்சா?" என்றார் மருதப்பன்.

"வந்திருக்கு. ஆனா உப்பா இருக்கலாம்." அவளுக்குப் போன வருஷத்துக் கேக் ஞாபகம் வந்தது. ஊசியால் தொட இவளுக்குத் துணிவில்லை. பையிலிருந்து நீலச் சாயத்தை எடுத்தாள். உப்பு கல் மாதிரி, சாயம் உள்ளே போகாது. புரதப் படிகத்துக்குள் துளித்துளியாக இடைவெளி உண்டு, சாயத்தைக் குடித்து நீலமாகும். பொடிப் படிகம் ஒன்றை மட்டும் தனியே எடுத்துத் துளி சாயம் விட்டாள். "அரைமணி நேரம் பார்க்கணும் அங்கிள்."

அந்த அரைமணி நேரம் இருக்கிறதே, அதை எதிரிக்கும் கொடுக்கக்கூடாது. குளிரில் பல் அடித்துக்கொள்ள இருவரும் இரண்டு பூக்கூடைகளைக் கவிழ்த்து உட்கார்ந்தார்கள். கதவின் சின்னக் கண்ணாடி வழியாக வெளியே அண்ணாதுரை தெரிந்தார். சத்தமில்லாமல் குத்துப்பட்டு, சத்தமில்லாமல் துடித்து, சத்தமில்லாமல் செத்துக்கொண்டிருந்தார். எழுந்து மறுபடியும் செத்தார். மருதப்பன் தோள்துண்டை வாயில் அடைத்துக்கொண்டார். பெட்டி சிரிக்கவில்லை. அவள் உதடு அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தது. நீலமாகாவிட்டால் செவ்வாய்க்கிழமையோடு எல்லாம் முடிந்தது; புதன்கிழமையே குழாய் எண்ணப் போகவேண்டியதுதான்.

நேரமானதும் சாயத்தை ஒற்றி எடுத்துவிட்டுக் குனிந்தாள். சுற்றியிருந்த திரவம் வெளுத்திருந்தது. நடுவில் படிகம் மட்டும், வெள்ளை வேட்டிக்கு அதிகமாகப் போட்ட சொட்டு நீலம்போல, அப்பட்டமான நீலம்.

அவள் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள். மருதப்பன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இதுதானா உன் சேனலு?"

"இதுதான் அங்கிள். ஆளைப் பார்த்து விடுற வாசலு."

"எதை வச்சுப் பார்க்குது?"

"தெரியாது. இனிமேத்தான் கண்டுபிடிக்கணும்." சொல்லும்போதே அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. இனிமேல் என்று ஒன்று இருக்கிறது என்பதே அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லு. அதே மாதிரி ஒருத்தரை எனக்குத் தெரியும்" என்றார் மருதப்பன்.

இருவரும் வெளியே வந்தார்கள். மூன்றாவது முறையாகச் செத்து எழுந்த அண்ணாதுரை வியர்வையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். கிரீடம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. குளிர் அறைக் கதவை ஒரு பயபக்தியோடு பார்த்துவிட்டு, கையைக் கட்டி நின்று, கிசுகிசுப்பாகக் கேட்டார்: "மேடம், எங்களுக்கு வாய்ப்பு உண்டுங்களா? எப்ப தெரியும்?"

பெட்டி மருதப்பனைப் பார்த்தாள். அவர் ஆணியில் தொங்கிய பதினோரு சீட்டுகளைப் பார்த்தார். பெட்டி கண்ணீரைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து நின்று, பள்ளியில் ஒப்பித்த சுத்தத் தமிழில் சொன்னாள்:

"முடிவு பிறகு தெரிவிக்கப்படும்."

அண்ணாதுரையின் வாய் திறந்தது. ஏதோ சொல்ல வந்து, எங்கேயோ கேட்ட வாக்கியமாக இருக்கிறதே என்று யோசிப்பவர்போல அப்படியே நின்றார். மருதப்பனின் முகம் சிவந்து, கன்னம் உப்பி, தோள் குலுங்கியது. ஆனால் செவ்வாய்க்கிழமை வரைக்கும் படிகங்கள் உள்ளேதான் இருக்கவேண்டும். அவர் துண்டை வாயில் அழுத்திக்கொண்டு, வெறுங்காலோடு, பூனைபோல நடந்து, குளிர் அறையைத் தாண்டி, கடை வாசலைத் தாண்டி, பஃபலோ ரோட்டின் மறுகோடிக்கே போனார். அங்கே போய் நின்றுகொண்டுதான் சிரித்தார்.